கிரிக்கெட் பந்தைவிட சக்தி குறைந்த அம்பு மானைக் கொல்வது எப்படி?

இன்னைக்கு எபிசோடை ஒரு சின்ன கணக்கோட ஆரம்பிக்கலாம். மூணு பொருள் சொல்றேன், எதுக்கு சக்தி அதிகம்னு மனசுக்குள்ள ஒரு வரிசை போட்டு வைங்க.

முதல்ல ஒரு கிரிக்கெட் பந்து. எடை சுமார் 160 கிராம். வேகப்பந்து வீச்சாளர் கையிலிருந்து மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் கிளம்புது. அடுத்து, அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் பயன்படுத்துற காம்பவுண்ட் வில்லின் அம்பு. எடை 26 கிராம், வேகம் வினாடிக்கு 85 மீட்டர். மூணாவது, பாயின்ட் 22 ரைஃபிளின் குண்டு. என்.சி.சி.யில இருந்தவங்க சுட்டுப் பார்த்திருப்பீங்க. எடை இரண்டரை கிராம்தான், ஆனா வினாடிக்கு 330 மீட்டர் போகும்.

எடையில் பாதி, அதை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் இயக்க ஆற்றல். பள்ளிக்கூடத்துல எல்லாரும் போட்ட கணக்குதான். போட்டுப் பாத்தா, பந்து 120 ஜூல். குண்டு 140 ஜூல். அம்பு வெறும் 94 ஜூல். மூணுல அம்புதான் கடைசி.

ஆனா இந்த மூணுல ஒரு பெரிய மானை சுத்தமா, சில வினாடியில் கொல்லக்கூடியது அம்பு மட்டும்தான். பந்து பட்டா மானுக்கு விலா எலும்பு உடையலாம். பாயின்ட் 22 பட்டா மான் காயத்தோட ஓடிடும், எங்கேயோ போய் நாள் கணக்கில் அவதிப்படும். கடைசி ரேங்க் வாங்கின அம்பு, விலாவுக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்து மண்ணில் குத்தி நிற்கும். இது எப்படிங்கறதுதான் இன்னைக்கு விஷயம்.

நம்ம நாட்டுல 1972-ம் வருஷ வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு வேட்டை கிடையாது. அப்புறம் இதை ஏன் பேசணும்? வேட்டையில் கணக்கு தப்பினா நடக்கறது, மிருகம் தப்பிக்கறது மட்டும் இல்ல. பாதி செத்த ஒரு மிருகம் காட்டுக்குள்ள நடந்து போகுது. அப்படி நடந்துபோன ஒரு புலி 436 பேரைக் கொன்றதாகக் கணக்கு இருக்கு. அந்தக் கதைக்கு கடைசியில் வர்றேன்.

முதல்ல சினிமா கணக்கை முடிச்சிடலாம். ஹீரோ சுடுவார், வில்லன் பத்தடி பின்னாடி பறந்து போய் கண்ணாடியை உடைச்சுக்கிட்டு விழுவார். இது நடக்கவே நடக்காது. வேட்டைக்கான ஒரு முழு அளவு ரைஃபிள், பாயின்ட் 308-னு வச்சுக்குவோம். குண்டு 9.7 கிராம், வேகம் வினாடிக்கு 860 மீட்டர். ஆற்றல் சுமார் 3,600 ஜூல். அம்பைவிட 38 மடங்கு. கேக்க பயங்கரமா இருக்கு. ஆனா ஒரு பொருளைப் பின்னாடி தள்ளுற விஷயத்தை முடிவு பண்றது ஆற்றல் இல்ல, உந்தம். மொமென்டம். எடையை வேகத்தால் பெருக்கணும், வர்க்கமெல்லாம் கிடையாது. இந்தக் குண்டோட உந்தம் 8.3. நம்ம கிரிக்கெட் பந்தோட உந்தம் 6.2. அதாவது பறந்து வர்ற பந்தை கையில பிடிச்சா எவ்வளவு தள்ளுமோ, அதைவிடக் கொஞ்சம்தான் அதிகம். 80 கிலோ மான் அந்தக் குண்டை முழுசா உடம்புக்குள்ள வாங்கிக்கிட்டாலும் வினாடிக்கு 10 சென்டிமீட்டர்தான் நகரும். ஆமை வேகம்னு வச்சுக்கங்க. தவிர, நியூட்டனோட மூணாவது விதிப்படி, பட்டவன் பறக்கணும்னா சுட்டவனும் பறக்கணும்.

சரி, தள்ளி விழவைக்கறது இல்லன்னா, மிருகம் எதனால சாகுது?

ரெண்டே வழி. ஒண்ணு, மூளையோ தண்டுவடமோ அறுபடணும். அப்போ மிருகம் நின்ன இடத்திலேயே விழும். ரெண்டாவது, மூளைக்குப் போற ரத்தம் நிக்கணும். இதயம், நுரையீரல், பெரிய ரத்தக் குழாய்கள், இதுல எது கிழிஞ்சாலும் ரத்த அழுத்தம் இறங்கும். ஆனா உடனே இல்ல. இதயத்தை மொத்தமா நிறுத்தினாக்கூட மூளைக்குள்ள ஏற்கெனவே இருக்கிற ஆக்சிஜன் ஒரு பத்து வினாடிக்கு வரும். மான் வினாடிக்கு 10 மீட்டர் சாதாரணமா ஓடும். பெருக்கிப் பாருங்க, இதயத்துல குண்டு பட்ட மான் 100 மீட்டர் ஓடிட்டுதான் விழும். அது ஓடும்போதே செத்தாச்சு, அதுக்குத் தெரியாது, அவ்வளவுதான். 'ஸ்டாப்பிங் பவர்'னு துப்பாக்கி விளம்பரத்துல ஒரு வார்த்தை வரும். இந்தப் பத்து வினாடியை எந்த விளம்பரமும் குறைக்க முடியாது.

ஆக, கேள்வி இப்போ மாறிடுது. எவ்வளவு ஜூல் போகுதுங்கறது இல்ல. உள்ள அந்த உறுப்பு வரைக்கும் ஒரு ஓட்டை போய்ச் சேருதா, அந்த ஓட்டை எவ்வளவு ரத்தத்தைத் திறந்து விடுது, இந்த ரெண்டும்தான்.

இங்கதான் அம்பு ஜெயிக்குது. வேட்டை அம்போட முனை ஊசி இல்ல, கத்தி. ரெண்டு மூணு பிளேடு, சுமார் மூணு சென்டிமீட்டர் அகலம். பந்து வந்து மோதும்போது அதோட விசை உள்ளங்கை அளவு இடத்துல பரவிடுது. அம்புக்கோ அதே வேலை பிளேடு விளிம்பில் நடக்குது, மயிரிழை அகலத்துல. அழுத்தம்னா விசையைப் பரப்பால் வகுக்கறது. பரப்பு கிட்டத்தட்ட பூஜ்யமா இருந்தா, கொஞ்ச விசையே போதும். தக்காளியை மொக்கைக் கத்தியில் அழுத்தறதுக்கும் புது பிளேடில் நறுக்கறதுக்கும் உள்ள வித்தியாசம்தான் இது. சுத்தமா அறுந்த ரத்தக் குழாய், நசுங்கின குழாயைவிட அதிகமா ஒழுகும். அதனால மொக்கை அம்போட எவனாவது மான் வேட்டைக்குப் போனா, வில்லோட பலத்தைப் பத்தி அவன் எவ்வளவு பேசினாலும் பிரயோஜனம் இல்ல. பந்து மாதிரி மொக்கையா அடிக்கிற ஆயுதமும் வேட்டையில இருந்திருக்கு, இல்லைன்னு சொல்லல. உண்டிவில் கல் குருவிக்குப் போதும். நம்ம தென்மாவட்டங்கள்ல இருந்த வளரி, சுழன்று போய் அடிச்சு எலும்பை முறிக்கும். அதெல்லாம் சின்ன உடம்புக்கு, இல்லைன்னா காலை உடைச்சு ஓடவிடாம பண்றதுக்கு.

அடுத்தது இன்னும் சுவாரசியம். உடம்புக்குள்ள போறதுன்னா காத்துல போற மாதிரி இல்ல, தண்ணிக்குள்ள போற மாதிரி. தண்ணியோட தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். நீச்சல் குளத்துல மெதுவா இறங்கினா தண்ணி வழி விடுது. உயரத்துல இருந்து தட்டையா விழுந்தா அதே தண்ணி அறையுது. ரைஃபிள் குண்டு அம்பைவிட பத்து மடங்கு வேகம். அப்போ அதே அகலத்துக்கு அது சந்திக்கிற தடை நூறு மடங்கு. வேகமா வந்ததாலேயே அது வேகத்தை வேகமா இழக்குது.

'மித்பஸ்டர்ஸ்' நிகழ்ச்சியில இதை ஒரு நீச்சல் குளத்துல சோதிச்சுப் பாத்தாங்க. ஒலியைவிட பல மடங்கு வேகத்துல போற பெரிய ரைஃபிள் குண்டுகள் மூணு அடி தண்ணிக்குள்ளேயே சிதறிப் போச்சு. மெதுவா போற 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கிக் குண்டு எட்டு அடி வரைக்கும் போச்சு. பார்த்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

இதுல எடையும் சேரணும். அம்புத் தண்டும் 308 குண்டும் ஏறக்குறைய ஒரே தடிமன், 8 மில்லிமீட்டர் பக்கம். ஆனா அம்பு 26 கிராம், குண்டு பத்துக்கும் கீழ. ஒரே வாசல் வழியா நுழையும்போது அம்புக்குப் பின்னாடி இருந்து தள்ளுற எடை கிட்டத்தட்ட மூணு மடங்கு. அமெரிக்க வில்வேட்டைக்காரங்க பழைய வித்தை ஒண்ணு காட்டுவாங்க. மணல் மூட்டையை வைப்பாங்க. ரைஃபிள் குண்டு உள்ளேயே நின்னுடும். அம்பு அந்தப் பக்கம் வந்துடும். பாக்கறவங்க வாயைப் பிளப்பாங்க. இதை வச்சு அம்பு துப்பாக்கியைவிட பலம்னு சொன்னா அது டுபாக்கூர். மணல்ல ஆழமா போறது ஒரு விஷயம், அவ்வளவுதான்.

அம்போட பலவீனம் வேற இடத்துல இருக்கு. அது மெதுவா வருது.

30 மீட்டர் தூரத்துல மான். அம்பு போய்ச் சேர 0.35 வினாடி. நாண் விடுபடுற சத்தம் 0.09 வினாடியில மானோட காதுக்குப் போயிடும். நடுவுல மானுக்கு கால் வினாடி கிடைக்குது. பதறின மான் பாயறதுக்கு முன்னாடி காலை மடக்கி உடம்பைத் தாழ்த்தும். நெஞ்சைக் குறிவச்ச அம்பு முதுகுக்கு மேல போகும், இல்லைன்னா முதுகுச் சதையில குத்தும். நம்ம கிண்டியில திரியற அதே புள்ளிமான் ஹவாய்த் தீவுகள்லயும் இருக்கு. 1860-கள்ல அங்கிருந்த மன்னருக்குப் பரிசா போனது, இன்னைக்குப் பெருகிக் கிடக்கு. புலிக்குப் பயந்தே வளர்ந்த இனம். வில் வேட்டைக்காரங்களுக்கு இதைவிடத் தலைவலி பிடிச்ச மான் கிடையாது. ஒலியைவிட வேகமா போற ரைஃபிள் குண்டுல இந்தப் பிரச்சினையே இல்ல. மான் சத்தத்தைக் கேக்கறதுக்கு முன்னாடி குண்டு போயிடும்.

ஈர்ப்பு விசையும் விடாது. 20 மீட்டர்ல அம்பு 27 சென்டிமீட்டர் தாழும். 30 மீட்டர்ல 61 சென்டிமீட்டர். வேட்டைக்காரர் 30 மீட்டரை 20-னு தப்பா எடை போட்டா அம்பு சுமார் 20 சென்டிமீட்டர் கீழ இறங்கிடும். நெஞ்சுக்குப் போக வேண்டியது கால்ல படும். கொஞ்சம் பக்கவாட்டிலயும் தப்பினா வயித்துல படும். வயித்துல பட்ட மான் பத்து வினாடியில சாகாது, மணிக்கணக்கா ஆகும். இங்கிலாந்துல 1991-ம் வருஷ மான் சட்டம் அம்பை முழுசா தடை பண்ணிருக்கு. ரைஃபிளுக்கும் பெரிய மான்களுக்கு குறைஞ்சபட்சம் சுமார் 2,300 ஜூல் வேணும்னு சொல்லுது. அமெரிக்காவுல வில் வேட்டைக்கென்றே தனி சீசன் விடறாங்க. 94 ஜூல் போதும்னு ஒரு நாடு, 2,300 இல்லாம கிட்ட வராதேன்னு ஒரு நாடு. இயற்பியல் ரெண்டு ஊர்லயும் ஒண்ணுதான். அம்பு கொல்லுமாங்கறதை விட, எத்தனை பேர் கையில எத்தனை தடவை அது தப்பான இடத்துல படும்ங்கறதுதான் அங்க நடக்குற வாக்குவாதம். என்னைக் கேட்டா இங்கிலாந்து பக்கம்தான் நிப்பேன்.

கலஹாரி பாலைவனத்து சான் மக்கள் இந்தச் சிக்கலை வேற மாதிரி தீர்த்தாங்க. அவங்க வில் சின்னது, அம்பு நாணல் மாதிரி லேசு. ஆழமெல்லாம் தேவையே இல்ல. முனையில ஒரு வண்டுப் புழுவோட விஷம். தோலுக்குக் கீழ போனா போதும். பெரிய மிருகமா இருந்தா விஷம் வேலை செய்ய ஒரு நாள்கூட ஆகும், அதுவரைக்கும் தடம் பார்த்துப் பின்னாடியே நடப்பாங்க.

இப்போ குண்டுக்கு வருவோம். கத்தி மாதிரி விளிம்பு அதுக்குக் கிடையாது. அப்போ அகலமான ஓட்டையை எப்படிப் போடறது? குண்டையே விரிய வைக்கணும். முனையில செம்பு உறை இல்லாம ஈயத்தை வெளியே விட்டா, சதையில மோதின உடனே அது காளான் மாதிரி விரியும். அகலம் கிட்டத்தட்ட ரெண்டு மடங்காகும். கூடவே, அந்த வேகத்துக்கு சதை நாலாபக்கமும் விலகி ஒரு கணம் பெரிய பள்ளம் உண்டாகி, திரும்ப மூடிக்கும். நுரையீரல் ஸ்பாஞ்ச் மாதிரி, இதைத் தாங்கிக்கும். கல்லீரல் தாங்காது, கிழிஞ்சிடும். 3,600 ஜூல்ல பெரும்பகுதி இந்த விரிசலுக்கும் விலகலுக்கும்தான் செலவாகுது. விரியாத குண்டா இருந்தா பென்சில் அளவு ஓட்டை போட்டுட்டு, பாக்கி ஆற்றலை எடுத்துக்கிட்டு அந்தப் பக்கம் போய் மரத்துல அடிக்கும். அட்டைப் பெட்டியில அச்சடிச்ச எண்ணெல்லாம் மரத்துக்குத்தான்.

இந்த விரியும் குண்டுக்கு ஒரு இந்தியப் பெயர் உண்டு. டம்டம். கொல்கத்தா விமான நிலையம் இருக்கே, அதே டம்டம். அங்க இருந்த பிரிட்டிஷ் ஆயுதத் தொழிற்சாலையில 1890-கள்ல செய்தாங்க. தேவையில்லாத கொடூரம்னு சொல்லி 1899-ல ஹேக் மாநாடு போர்ல இதைத் தடை செய்தது. ஆனா நான் சொன்ன அதே இங்கிலாந்து மான் சட்டத்துல விரியும் குண்டுதான் கட்டாயம். மனுஷனைச் சுட விரியக் கூடாது, மானைச் சுட விரிஞ்சே ஆகணும். போர்ல எதிரியைச் சண்டையிலிருந்து வெளியேத்தினா போதும், காயம் பட்டவனுக்குப் பின்னாடி ஒரு ஆஸ்பத்திரி உண்டு. மானுக்கு ஆஸ்பத்திரி கிடையாது.

யானைக்கு மட்டும் இந்த விதி தலைகீழ். விரியற குண்டு தோலைத் தாண்டி கொஞ்ச தூரத்துல நின்னுடும். யானையோட மூளை ஒரு பெரிய ரொட்டி அளவுதான், அதைச் சுத்தி தேன்கூடு மாதிரி காத்தறைகள் நிறைஞ்ச எலும்பு. அங்க போகணும்னா விரியாத, கெட்டியான, நீளமான குண்டு வேணும். இருபதாம் நூற்றாண்டு ஆரம்பத்துல ஆப்பிரிக்காவுல தந்தத்துக்காகச் சுட்ட பெல்னு ஒரு ஸ்காட்லாந்துக்காரர், ஆயிரத்துக்கும் மேல யானைகளைக் கொன்னார். படிக்கவே கூசுற எண். அதுல பெரும்பாலானவை 7 மில்லிமீட்டர் குண்டுல, சுமார் 2,700 ஜூல்ல. அது மான் சுடுற ரைஃபிள். அதே காலத்துல யானைக்குன்னே செஞ்ச பாயின்ட் 577 துப்பாக்கி 9,500 ஜூல் தரும். பெல் செத்த யானையோட மண்டையை ரெண்டா அறுத்துப் பாத்து, எந்தக் கோணத்துல நின்னா மூளை எங்க இருக்கும்னு படிச்சார். அப்புறம் அவருக்குப் பெரிய துப்பாக்கி தேவைப்படல.

இதை ஒத்துக்காத கட்சியும் உண்டு. ஜான் டெய்லர்ங்கற வேட்டைக்காரர் 1948-ல வந்த புத்தகத்துல ஒரு சூத்திரம் கொடுத்தார். எடை, வேகம், குண்டோட குறுக்களவு, மூணையும் பெருக்கணும். இயற்பியல் வாத்தியார் பாத்தா ஸ்கேலை எடுப்பார், ஏன்னா இது ஆற்றலும் இல்ல, உந்தமும் இல்ல. இதுல 577-க்கு 120-க்கு மேல மார்க், பெல்லோட 7 மில்லிமீட்டருக்கு 16. ஆனா டெய்லர் சொல்ல வந்ததைக் கவனிக்கணும். மூளையில பட்டா எந்தக் குண்டும் ஒண்ணுதான்னு அவருக்கும் தெரியும். மூளைக்குப் பக்கத்துல தப்பினா, யானை எவ்வளவு நேரம் மயங்கிக் கிடக்கும்ங்கறதுக்குத்தான் அந்த மார்க். பெரிய துப்பாக்கி ஒரு இன்ஷூரன்ஸ், தப்பு பண்றவனுக்கு. அந்தக் குண்டும் யானையைத் தள்ளி விழவைக்காது. அஞ்சு டன் யானையை அது வினாடிக்கு 6 மில்லிமீட்டர் நகர்த்தும்.

இன்ஷூரன்ஸ் இல்லாம தப்பினா என்ன ஆகும்? முதல்ல சொன்ன புலிக்கு வர்றேன்.

சம்பாவத் பெண்புலி. நேபாளத்துலயும் அப்புறம் குமாவோன் மலைகள்லயும் மொத்தம் 436 பேர். ஜிம் கார்பெட் 1907-ல அதைச் சுட்டார். செத்த பிறகு வாயைத் திறந்து பாத்தா, வலது பக்கம் மேல் கோரைப்பல் பாதி உடைஞ்சிருக்கு, கீழ்ப்பல் எலும்பு வரைக்கும் போயிருக்கு. எப்பவோ யாரோ சுட்ட குண்டு. அந்தக் குண்டு போன உயரத்துக்கும் மூளைக்கும் நடுவுல ஒரு சாண்கூட இருக்காது. பல் போனதால வழக்கமான இரையைப் பிடிக்க முடியாம, மனுஷங்க பக்கம் திரும்பிடுச்சுன்னு கார்பெட் எழுதினார். நம்ம கோயம்புத்தூர்ப் பக்கம் காட்டுப்பன்றிக்கு வைக்கிற அவுட்டுக்காயைக் கடிச்சு வாய் சிதைஞ்ச யானைகளை நியூஸ்ல பாத்திருப்பீங்க. அது குண்டு இல்ல, வெடி. ஆனா வாய் போன மிருகத்தோட கதை ஒண்ணுதான். சாகாது, சாப்பிடவும் முடியாது.

அந்தக் கடைசி வேட்டையிலயும் ஒரு கணக்கு தப்பிச்சு. கார்பெட்டோட தோட்டா தீர்ந்து போச்சு. காயம்பட்ட புலி எதிர்ல நிக்குது. கூட வந்த தாசில்தாரோட பழைய துப்பாக்கியை வாங்கி, இருபது அடி தூரத்துல, புலியோட திறந்த வாயைக் குறிவச்சுச் சுட்டார். குண்டு பட்டது வலது முன்னங்கால்ல. முன்னாடி பட்ட குண்டுகள் உள்ள வேலையை முடிச்சிருந்ததால புலி அங்கேயே சரிஞ்சுது.

இதுக்காக ஐக்கிய மாகாணத்தோட லெப்டினன்ட் கவர்னர் அவருக்கு ஒரு ரைஃபிள் பரிசளிச்சார். ரிக்பி கம்பெனியோட பாயின்ட் 275. பெயர்தான் வேற, தோட்டா பெல் வச்சிருந்த அதே 7 மில்லிமீட்டர்.